நெட்டையும் கட்டையும் ஐந்து வருஷம் முன்னால் மோதியிருந்தால்

என் வீட்டுக்காரருக்கும் என் தம்பிக்கும் இடையில் சொத்துத் தகராறு எதுவும் கிடையாது. இருக்கிற ஒரே தகராறு இரண்டு குத்துச்சண்டைக்காரர்களைப் பற்றியது. இருவரும் வெளிநாட்டுக்காரர்கள், இருவரும் ஹெவிவெயிட் சாம்பியன்களாக இருந்தவர்கள், இருவரும் எங்கள் விவேக் நகர் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஒருவன் குள்ளம், கழுத்தே தெரியாத உடம்பு. எங்கள் வீட்டில் அவன் பெயர் கட்டை. இன்னொருவன் நிமிர்ந்து நின்றால் எங்கள் நிலைப்படியில் தலை இடிக்கும். அவன் நெட்டை. வாலிபத்தில் கட்டையைப் பார்த்த மாத்திரத்திலேயே எதிராளிகள் பாதி தோற்றுவிடுவார்களாம். ஆனால் இருவரும் ஒருவழியாக மோதிக்கொண்டபோது கட்டைக்கு உடம்பு தளர்ந்து, பழைய வேகம் போய்விட்டிருந்தது. நெட்டை அவனை அடித்துக் கீழே சாய்த்தான். நடந்தது அவ்வளவுதான்.

நடக்காததுதான் பிரச்சினை. அதே சண்டை ஐந்து வருஷம் முன்னால் நடந்திருந்தால்? கட்டைதான் ஜெயித்திருப்பான் என்பது தம்பியின் கட்சி. எந்தக் காலத்தில் வைத்திருந்தாலும் நெட்டைதான் என்பது இவர் கட்சி. எனக்குக் கல்யாணமான புதிதில் தொடங்கிய பேச்சு இது. என் பெண் காலேஜ் முடித்து வேலைக்கும் போய்விட்டாள், இது மட்டும் முடிந்தபாடில்லை.

தம்பி தொம்மலூரில் ஓர் ஆபீஸ் கட்டடத்தில் எலக்ட்ரீஷியன். இவர் பொம்மசந்திராவில் தகடு அடிக்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். அந்த மெஷின் சத்தத்தில் கத்திக் கத்தியே வேலை வாங்கிப் பழகியவர், வீட்டில் உப்பு கேட்டால்கூடத் தெருவுக்குக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை தம்பி சாப்பிட வந்தால் போதும், இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பிப்பார்கள். ஒருநாள் கீழ்வீட்டுக்காரர் அடிதடி என்று நினைத்து ஓடிவந்துவிட்டார். அன்றைக்கு நான் ஒரு சட்டம் போட்டேன். அடுப்பில் மட்டன் குக்கர் இருக்கும்வரைதான் பேச்சு. ஒரு விசில் வரும்வரை ஒருவர் பேசலாம். விசில் வந்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டும், அடுத்தது மற்றவர் முறை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அப்படித்தான் நடக்கிறது. யாருக்கு எவ்வளவு நேரம் என்பது என் கையில் இருந்தது. தம்பி அளவுக்கு மீறி அளந்தால் நான் கேஸைக் கூட்டிவிடுவேன்.

"அக்கா, தீயக் கூட்டாத! இப்பதான் பாயின்ட்டுக்கே வந்திருக்கேன்" என்று அவன் அங்கிருந்து கத்துவான். "மாமா, அந்த வயசுல கட்டை உள்ள பூந்தான்னா உங்க ஆளு எங்க போவான்? கயித்துல போய் சாஞ்சிக்கினு நிப்பான்."

"சும்னிரு மச்சான். உள்ள பூந்தாதானே? நெட்டையோட கையத் தாண்டணும்ல மொதல்ல" என்பார் இவர்.

ஒருவர் சொன்னதை மற்றவர் ஒத்துக்கொண்டார் என்ற பேச்சே கிடையாது. ஒரு வருஷம் தம்பிக்குச் சிக்குன்குன்யா வந்து கை கால் அசைக்க முடியாமல் கிடந்தான். இவர் கஞ்சி கொண்டுபோனார். போனவர் சும்மா திரும்பினாரா? படுத்திருப்பவன் தலைமாட்டில் உட்கார்ந்து நெட்டை புராணம் படித்தார். போர்வைக்குள்ளிருந்து முனகிக்கொண்டே அவனும் பதில் சொன்னான். அதைப் பார்த்த பிறகுதான் இவன் பிழைத்துக்கொள்வான் என்று எனக்குத் தைரியம் வந்தது.

போன மழைக்காலத்தில் இவருக்குத் தொண்டை கட்டியது. மிளகுப் பால், சுக்குக் கஷாயம் எல்லாம் கொடுத்துப் பார்த்தேன். கம்மல் போகவில்லை. விசில் வருவதற்குள்ளேயே குரல் ஓய்ந்து, மீதி நேரத்தைக் கைகாட்டித் தம்பிக்கு விட்டுவிடுவார். ஆஸ்பத்திரி என்றால் மட்டும் நாளை, நாளை என்றே தள்ளிக்கொண்டிருந்தார். சண்டை போட்டுத்தான் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, குரல் நாணில் ஏதோ வளர்ந்திருக்கிறது, எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார். கேன்சராக இருக்குமா என்று நான் கேட்டேன். இப்போதே சொல்ல முடியாது என்றார். அப்படி இருந்து, அது முற்றியும் இருந்தால் குரல்வளையையே எடுக்க வேண்டி வரலாம் என்றார். வாலிபத்தில் இவர் ஊதித் தள்ளிய பீடியும் சிகரெட்டும் ஒவ்வொன்றாக என் கண் முன்னால் வந்தன. இவரோ அசரவில்லை. ஆபரேஷன் தேதிக்கு லீவு கிடைக்குமா என்பதுதான் அவர் கவலை.

ஆபரேஷன் அன்று காலை தம்பியும் வந்துவிட்டான். இவர் பச்சை அங்கி மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் முகத்தையும் தம்பி முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, கிழிந்துபோன அந்தக் குரலில் தானே ஆரம்பித்தார்.

"என்ன மச்சான், என்ன சொல்றான் உன் கட்டை?"

தம்பி அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "அத விடுங்க மாமா. இத்தன வருசமா நான்தான் சும்மா பேசிக்கினு இருந்தேன். நீங்க சொல்றதுதான் சரி. எப்ப வெச்சிருந்தாலும் நெட்டைதான் ஜெயிச்சிருப்பான்."

டாக்டர் குரல்வளையை எடுப்பதைப் பற்றிச் சொன்னபோது மாறாத முகம் அப்போது மாறியது. பேயறைந்த மாதிரி அவனையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் எதையாவது மறைக்கிறேனா என்று தேடுகிற பார்வை அது. அதற்குள் ஆட்கள் வந்து தள்ளுவண்டியில் படுக்க வைத்துக் கொண்டுபோய்விட்டார்கள்.

வெளியே வராந்தாவில் தம்பியைப் பிடித்துக்கொண்டேன். "அறிவிருக்காடா உனக்கு? எதுக்குடா அப்பிடிச் சொன்ன?"

"நல்லதுதானக்கா சொன்னேன்? சந்தோஷப்படுவாருன்னு நெனைச்சேன்."

"சாகப்போறவருக்கு விட்டுக்குடுக்கிற மாதிரி இருந்துச்சுடா."

அவன் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதான். பக்கத்தில் உட்கார்ந்து தட்டிக்கொடுக்க எனக்கு மனசே வரவில்லை. அவ்வளவு ஆத்திரம். அவன் மனசிலும் அந்தப் பயம்தான் என்று தெரிந்துபோனது வேறு என்னை அடித்துப் போட்டது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ரிசல்ட் வரப் பத்து நாளாவது ஆகும் என்றார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ், கன்னடமும் தமிழும் கலந்து, "மாத்தாடபேடி சார், மெல்லவும் பேசக்கூடாது. டாக்டர் சொல்றவரைக்கும் வாயே தெறக்கக்கூடாது" என்று விரலை ஆட்டிச் சொன்னாள். வீடு அடங்கிப்போனது. எது வேண்டுமென்றாலும் செல்போனில் அடித்துக் காட்டுவார். தண்ணி, மாத்திரை, ஃபேனைக் குறை. ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, நெடுநேரம் எதையோ அடித்து அழித்து அடித்து, செல்லை என் பக்கம் திருப்பினார்.

"அவன்கிட்ட டாக்டர் தனியா ஏதாவது சொன்னாரா?"

எங்கள் மகள்மேல் சத்தியம் பண்ணினேன். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, அவன் ஒரு மடையன், அவ்வளவுதான் என்றேன். தலையாட்டினார். நம்பவில்லை என்று தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது, தட்டை எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் தம்பி வந்தான். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர் பேசக்கூடாது. இவனுக்குப் பேச வாயில்லை. அடுப்பில் குக்கர் பாட்டுக்கு விசில் அடித்துக்கொண்டிருந்தது. மட்டன் வேகாவிட்டாலும் பரவாயில்லை என்று நானே அடுப்பை அணைத்தேன்.

ரிசல்ட் வந்த அன்று மூன்று பேருமாகப் போனோம். பஸ்ஸில் போக எனக்குத் தெம்பில்லை, ஆட்டோவில் போனோம். எங்கள் பேட்டையின் பெரிய தேவாலயத்தைத் தாண்டும்போது, எங்கள் சாமி இல்லையென்றாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். தம்பியும் போட்டுக்கொண்டான்.

டாக்டர் எங்களை உட்காரச் சொன்னார். இவர் உட்கார்ந்தார், நான் உட்காரவில்லை.

"கேன்சர் இல்லம்மா" என்றார் டாக்டர். "சாதாரண வளர்ச்சிதான், கத்திக் கத்தி வந்தது. முழுசா எடுத்தாச்சு. இன்னும் ரெண்டு நாள் வாயத் தெறக்க வேணாம். அப்பறம் மெதுவா பேசலாம். கம்பெனியில கத்தறது மட்டும் இனிமே கூடாது."

நான் இவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். இவர் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார். ஆனால் என் பக்கம் திரும்பவில்லை. தம்பி பக்கம் திரும்பி, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் வாயால் கேட்டது போதவில்லை அவருக்கு.

தம்பி சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். தொண்டையைச் செருமினான்.

"மாமா, அன்னைக்கு வார்டுல சொன்னேன் பாருங்க, அத வாபஸ் வாங்கிக்கிறேன். அஞ்சு வருசம் முன்னாடின்னா உங்க நெட்டை ரெண்டு ரவுண்டு தாங்கமாட்டான். தூக்கிக்கினுதான் போயிருப்பாங்க."

டாக்டர் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தார். இவர் நாற்காலியை விட்டு எழுந்தார். கழுத்து நரம்பு புடைக்க வாயைத் திறந்தார்.

"சார், சார், பேசக்கூடாது!" என்று டாக்டர் பதறினார்.

"பேசக்கூடாதாம்ல மாமா? அப்ப கேட்டுக்குங்க" என்று தம்பி இன்னும் பக்கத்தில் வந்தான். "ரெண்டு ரவுண்டுகூட இல்ல. மொத ரவுண்டுலயே முடிஞ்சிருக்கும்."

நான் பாய்ந்து என் கையால் இவர் வாயை இறுக்கிப் பொத்தினேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் என் விரல்மேல் வழிந்தது. என் உள்ளங்கைக்குள் அவர் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.