தாலா கொண்டுபோன தண்ணீர்

பாலைவனத்தின் தெற்கு ஓரத்தில் இருந்த வலாத்தா ஊரில் தாலாவைத் தெரியாத ஒட்டகக்காரன் கிடையாது. வடக்கே சுரங்கத்திலிருந்து பாளம் பாளமாக உப்பு ஏற்றிக்கொண்டு புறப்படுகிற வணிகச் சாத்து, கடைசிக் கிணற்றைத் தாண்டிவிட்டால் பிறகு அவளுடைய தோல்பைகளை நம்பித்தான் நடக்க வேண்டும். ஊரிலிருந்து தண்ணீர் எதிர்கொண்டு போனால் பிழைப்பார்கள். போகாவிட்டால் உப்பு ஒருபக்கம், ஆள் ஒருபக்கமாக மணலில் கிடப்பார்கள். அந்தத் தண்ணீரை அனுப்புகிற வேலை தாலாவுக்கு அவள் அம்மா வழியில் வந்தது.

"தாயே, இது தண்ணியா தங்கமா? இந்த விலை சொல்றியே!" என்று வடக்கே சிஜில்மாசா நகரத்திலிருந்து வந்த வியாபாரி ஒருவன் ஒருமுறை அலுத்துக்கொண்டான்.

"தெக்க போயி உப்பக் குடுத்துத் தங்கம் வாங்குவேல்ல, அதக் குடிச்சுப் பாரு. அப்பத் தெரியும்," என்றாள் தாலா. சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் அவன் அவள் கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போனான்.

அவளுடைய தம்பி பாரான் முன்னோடி. சாத்து கடைசிக் கிணற்றில் இளைப்பாறும்போது ஒரே ஒருவன் மட்டும் ஒட்டகத்தில் முன்னால் கிளம்பி, வியாபாரிகளின் கடிதங்களோடு ஊர் வந்து சேர வேண்டும். அவன் வந்து சொன்ன பிறகுதான் தண்ணீர் கிளம்பும். துணைக்கு ஆள் கிடையாது, பாதை என்று ஒன்றும் கிடையாது. காற்று அடித்தால் நேற்றிருந்த மணல்மேடு இன்று இருக்காது. பாரானோ சந்தைக்குப் போய்வருகிறவன் மாதிரி போய்வந்துகொண்டிருந்தான்.

அந்த வருஷம் பாரான் வடக்கே புறப்பட்டபோது தாலாவின் மகன் யிதிர்தான் சேணத்தை இறுக்கிக் கொடுத்தான். யிதிர் மீசை முளைத்து, கல்யாணம் பேசுகிற வயதில் இருந்தான். அந்த ஊரில் மாமன் சொத்து மருமகனுக்குத்தான். பெற்ற பிள்ளைக்கு இல்லை.

"என்ன மாப்ள, வார இப்படி இறுக்குற? மாமன் சீக்கிரம் போய்ச் சேந்தா ஒட்டகம் கைக்கு வரும்னு பாக்குறியா?"

"இன்னும் ரெண்டு குட்டி போடட்டும் மாமா. அதுக்கப்புறம் பாத்துக்கலாம்."

பாரானின் மனைவி இஸ்ஸா இடுப்பில் குழந்தையோடு வாசலில் நின்றிருந்தாள். "மாமனும் மருமவனும் பேசுற பேச்சப் பாருங்க மதினி," என்று சிரித்தாள். பாரானும் சிரித்தான். முகத்துணிக்கு மேலே கண் மட்டும் சுருங்கியதை வைத்துத்தான் அது தெரிந்தது. அவர்களுடைய மஸ்ஸூஃபா குலத்து ஆண்கள் வாய் தெரிய நிற்க மாட்டார்கள். கூழைக்கூடத் துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதற்கடியில்தான் குடிப்பார்கள். கட்டிய மனைவியும் புருஷனின் வாயை நன்றாகப் பார்த்திருக்க மாட்டாள்.

சாத்து திரும்பும் பருவம் வந்தது. ஒருநாள் காலையில் பாரானின் ஒட்டகம் மட்டும் வந்தது.

தாலாதான் முதலில் பார்த்தாள். முலாம்பழக் கொடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். சேணத்தில் ஆள் இல்லை. கடிதப் பை மட்டும் இருந்தது. பையைச் சுற்றிச் சேணத்தோடு சேர்த்து, நீலத்துணி ஒன்று இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. பாரானின் முகத்துணி.

முன்னோடிகளுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. இனிப் பிழைக்க மாட்டோம் என்று தெரிந்துவிட்டால் முகத்துணியை அவிழ்த்துச் சேணத்தில் கட்டி ஒட்டகத்தை விரட்டிவிட வேண்டும். என்னைத் தேடி வராதீர்கள், தண்ணீரை அவர்களுக்குக் கொண்டுபோங்கள் என்று அர்த்தம். வேறு எதற்காகவும் ஒரு முன்னோடி அந்தத் துணியை அவிழ்த்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

தாலா முடிச்சை அவிழ்த்தாள். கடிதத்தை உருவி இமாமிடம் நீட்டினாள்.

கடிதத்தை இமாம் படித்துச் சொன்னார். பெரிய சாத்து. எந்த வழியாக வருகிறார்கள் என்று எழுதியிருந்தது. ஊர் ஒட்டகங்கள் பாதிக்கு மேல் மேய்ச்சலுக்குத் தெற்கே போயிருந்த நேரம். இருந்ததில் எல்லாம் தண்ணீர் ஏற்றினாலும் ஆளுக்கு நாலு வாய் தேறுமா என்பதே சந்தேகமாக இருந்தது.

"ஒரே ஒரு ஒட்டகம் குடும்மா," என்றான் யிதிர். "ஒரு தோல்பை. தடம் பிடிச்சுப் போய்ப் பாத்துட்டு வந்துர்றேன்."

"துணி கட்டியிருக்குடா."

"இருக்கட்டுமே. போய்ப் பாத்தா என்ன?"

"நீ கொண்டுபோற தோல்பைக்கு அங்க எத்தன பேரு சாவான்? அவனே சொல்லிட்டான், தேடாதீங்கன்னு. அவன் கடைசியாச் சொன்னத நான் மீறணுமா?"

இஸ்ஸா கத்தவில்லை. வந்து தாலாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மதினி, அவரு உங்க தம்பி. ஒரு ஆள அனுப்புங்க மதினி."

தாலா கையை விடுவித்துக்கொண்டு வார்களை இறுக்கப் போனாள். யிதிரையும் தன்னோடு அழைத்துப் போனாள், விட்டால் போய்விடுவான் என்று தெரியும்.

சாத்தைக் கண்டபோது அது நின்றுபோயிருந்தது. உப்புப் பாளங்களை அடுக்கி, அந்த நிழலில் ஆட்கள் கிடந்தார்கள். பாளத்தின்மேல் கன்னத்தை வைத்தபடி ஒரு கிழவர் இறந்திருந்தார். மற்றவர்களுக்கு முதலில் உதட்டை நனைத்து, பிறகு ஒரு வாய், பிறகு இன்னொரு வாய் என்று தாலா தன் கையாலேயே கொடுத்தாள். ஒரு தோல்பைகூட மிஞ்சவில்லை. அதைப் பார்த்தபோது நாம் செய்தது சரிதான் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டுதான் அன்று உறங்கினாள்.

சாத்தின் தலைவர் மஸ்ஊத் அவள் முன்னால் வந்து உட்கார்ந்தார். "இதுல ஒருத்தரும் ஒனக்குச் சொந்தமில்லையேம்மா. ஒன் தம்பி வந்து சொல்லித்தான வந்த? அவன் எங்க? அவன் கையப் பிடிச்சு ரெண்டு வார்த்த சொல்லணும்."

தாலா காலித் தோல்பைகளைச் சுருட்டிக் கட்டத் தொடங்கினாள். யிதிர்தான், "மாமா இல்ல," என்றான்.

திரும்பும் வழியில், ஊர் அரைநாள் தூரத்தில் இருக்கும்போது, யிதிர் மாமனின் ஒட்டகத் தடத்தைக் கண்டுபிடித்தான். சரளை மண்ணாக இருந்ததால் காற்று அழித்திருக்கவில்லை. உடலையாவது அடக்கம் பண்ண வேண்டும் என்று மற்றவர்களை முன்னால் அனுப்பிவிட்டு அம்மாவும் மகனும் தடத்தோடு போனார்கள்.

வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை.

ஒரு பாறையடியில் பாரான் கிடந்தான். ஒரு கால் முழங்காலுக்குக் கீழே முறிந்து திரும்பியிருந்தது. தாலா அவன் முகத்தைப் பார்க்கும் முன் மண்ணைப் பார்த்தாள். மண்ணைப் படிக்கத் தெரிந்த கண் அது. பார்க்காமலிருக்க அதற்குத் தெரியாது. பாறையின் மேற்குப் பக்கம் அவன் கிடந்த குழிவு ஒன்று. நிழல் நகர நகர, முறிந்த காலை இழுத்துக்கொண்டு அவனும் பாறையைச் சுற்றி நகர்ந்த இழுவைத் தடம். கிழக்கே இன்னொரு குழிவு. திரும்பவும் மேற்கே. ஒருதரம் சுற்றிய தடத்தின்மேல் மறுதரம் சுற்றிய தடம். ஊர்ப்பக்கம் பார்த்து, தூரத்திலிருந்து தெரியும்படி, கைக்கெட்டிய கல்லையெல்லாம் குவித்து வைத்திருந்தான். சாவதற்குப் படுத்தவன் கல் குவிக்க மாட்டான்.

பக்கத்தில் அறுந்த தோல்வார் கிடந்தது. கடிதப் பையின் வார். ஒட்டகம் இடறி அவன் விழுந்தபோது அறுந்திருக்க வேண்டும். முறிந்த காலோடு சேணத்தில் ஏற முடிந்திருக்காது; பையைக் கட்டி அனுப்ப வேறொன்றும் இல்லாமல் முகத்துணியை எடுத்திருக்கிறான். கடிதம் ஊர் போய்ச் சேர வேண்டும், அக்கா கையில் கிடைக்க வேண்டும், கிடைத்தால் வந்துவிடுவாள். அவ்வளவுதான் நினைத்திருப்பான். அந்த வலியில் கட்டுப்பாடு ஞாபகத்துக்கு வந்ததோ இல்லையோ. வந்திருந்தாலும், வார் அறுந்த பையை அக்கா பார்க்காமலா போவாள் என்று நினைத்திருப்பான்.

ஒட்டகம் வந்த அன்று தாலா முடிச்சைப் பார்த்தாள். பையைப் பார்க்கவில்லை.

சட்டையின் கழுத்தை மேலே இழுத்து, வாயை மூடிக்கொண்டு செத்திருந்தான். ஆளில்லாத பாலைவனத்தில்கூட அவனுக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது.

யிதிர் குழி தோண்டினான். அம்மா உதவிக்குக் குனிந்தபோது, "நீங்க விடுங்க," என்று மட்டும் சொன்னான். அதுவரை அவன் அவளை நீ என்றுதான் கூப்பிட்டிருந்தான்.

துக்க வீட்டில் இஸ்ஸா எல்லோர் முன்னாலும் பேசினாள். "எதுக்கு ஆள் அனுப்புவாங்க? அவரு திரும்பி வந்தா மருமவனுக்கு ஒட்டகம் கிடைக்குமா? முன்னோடிக்குக் குடுக்குற தங்கமும் இப்ப அவுங்க வீட்டுக்குத்தான!" பெண்கள் அவள் வாயைப் பொத்தினார்கள். மஸ்ஊத் எழுந்து, அந்தத் தண்ணீர் வராவிட்டால் இங்கே இத்தனை பேர் உட்கார்ந்திருக்க மாட்டோம் என்றார். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். தாலாவுக்கு அந்த ஆமாம்தான் பொறுக்கவில்லை.

ஒட்டகங்களையும் தங்கத்தையும் யிதிர் தொடவில்லை. வழக்கத்தை மீறி எல்லாவற்றையும் இஸ்ஸாவின் வாசலில் விட்டுவிட்டு, மாலி மன்னனின் ஊர்ப்பக்கம் போகிற ஒரு கூட்டத்தோடு தெற்கே போய்விட்டான்.

துக்கம் முடிந்த பிறகு ஒரு மத்தியானம் இஸ்ஸா வந்தாள். வந்தவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். கோபமெல்லாம் வடிந்து, முகம் சின்னதாகிப் போயிருந்தது.

"அன்னிக்கு வாய்க்கு வந்தத பேசிட்டேன் மதினி. மனசுல வச்சுக்காதீங்க."

"நீ பேசுனதுல ஒண்ணுமில்ல புள்ள."

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அவரு உடனே போயிட்டாருல்ல? ஒட்டகத்த அனுப்பின கையோட போயிருப்பாரு, இல்ல?"

தாலாவுக்கு நல்ல பதில் ஒன்று கையெட்டும் தூரத்தில் இருந்தது. இஸ்ஸாவே எடுத்து நீட்டியிருந்தாள். ஆனால் தாலா இன்னும் கேட்காத மன்னிப்பு ஒன்று இருந்தது. அதை உண்மையைச் சொல்லாமல் எப்படிக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இல்ல புள்ள. நான் வருவேன்னு காத்துக்கிட்டிருந்தான். பை வார் அறுந்துபோயிதான் துணியக் கட்டியிருக்கான். நான் தண்ணி ஏத்திக்கிட்டிருந்தப்ப அவன் உசுரோடதான் இருந்தான். கல்லெல்லாம் குவிச்சு வச்சிருந்தான்."

இஸ்ஸா அழவில்லை. குழந்தை மண்ணை எடுத்து வாயில் வைத்ததைத் தட்டிவிட்டாள். வெகுநேரம் அதன் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"பொய் சொல்லியிருக்கலாம்ல மதினி," என்றாள் கடைசியில். "இத நீங்க மட்டும் வச்சிருந்திருக்கலாம். இப்ப எனக்கும்ல குடுத்துட்டீங்க."

குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள். பக்கத்து வீடுதான். கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு தாலா உயிரோடிருந்த வரைக்கும் அந்தக் கதவு அவளுக்காகத் திறக்கவில்லை.