பறங்கித் தாத்தாவின் கண்

டீச்சரம்மா செல்போன் டார்ச்சை அடித்துக் குழந்தையின் கண்ணைப் பார்த்தார். ஞானஸ்நானம் முடிந்து கோயிலிலிருந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தோம். பிரியாணி அண்டாவைக்கூட இன்னும் திறக்கவில்லை. வெளிச்சம் கூசி, ஆறு மாதக் குழந்தை அலறியது. "என்னம்மா இது, பூனைக்கண்ணு? யாரு கண்ணு இது?" என்று என் சித்தியைக் கேட்டார். அவர் எதைக் கேட்கிறார் என்று அங்கிருந்த அத்தனை பேருக்கும் புரிந்தது. சித்தப்பா எழுந்து பிரியாணி அண்டாவைத் திறக்கப் போய்விட்டார்.

சித்தி என் அம்மாவின் தங்கை. டீச்சரம்மா அவளுடைய மாமியார். மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் காலமெல்லாம் உயிரியல் நடத்தியவர். நானும் அவரிடம்தான் படித்தேன். பட்டாணிச் செடியைக் கரும்பலகையில் வரைந்து, நெட்டைக்கும் நெட்டைக்கும் குட்டை பிறக்கலாம், ஒளிந்து கிடக்கிற குணம் அப்பா பக்கமும் அம்மா பக்கமும் வந்து சேர்ந்தால் வெளியே தலைகாட்டும் என்று அத்தனை அழகாகச் சொல்வார். "இதைக் கண்டுபிடிச்சவரு நம்ம கத்தோலிக்கத் துறவி ஒருத்தர், தெரியுமா?" என்று பெருமை வேறு. அதைவிடப் பெரிது அவருடைய பறங்கிப் பெருமை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக் வெட்டும்போது, தங்கள் முப்பாட்டன் போர்ச்சுகலிலிருந்து கப்பலேறி வந்த கதையை ஆரம்பித்துவிடுவார். சாந்தோம் பக்கத்துப் பழைய குடும்பங்களில் பாதிக்கு இந்தக் கப்பல் கதை உண்டு, எங்கள் அம்மா வீட்டுக்கும் உண்டு. கப்பலில் வந்தவன் கண்ணை மட்டும் ஊரிலேயே கழற்றி வைத்துவிட்டா வந்திருப்பான்? பெருமையடிக்க வெள்ளைக்காரன் வேண்டும், அவன் கண் மருமகளின் மடியில் வந்தால் மட்டும் சந்தேகம் வரும்.

மறுவாரமே ஆரம்பித்தார். "ஒரு டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்துடலாம்மா. ஊர் வாயை மூடத்தான். மடியில கனமில்லைன்னா வழியில என்ன பயம்?" சித்தி சித்தப்பாவைப் பார்த்தாள். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "அம்மா நிம்மதிக்குத்தானே, எடுத்துட்டாப் போச்சு" என்றார். சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வருவதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். சித்தப்பா முதல் நாளே தன் எச்சிலைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். சித்தியோடு அடையாறில் இருந்த லேபுக்கு நான்தான் கூடப் போனேன். குழந்தையின் கன்னத்துக்குள் பஞ்சுக் குச்சியை விட்டுத் தேய்த்தார்கள். அது ஏதோ விளையாட்டென்று நினைத்துச் சிரித்தது. சித்தி சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சித்தப்பாவின் குழந்தைதான் என்று முடிவு வந்தது. டீச்சரம்மா கேக் வரவழைத்துவிட்டார். "நான்தான் சொன்னேனே, எங்க பறங்கித் தாத்தா கண்ணு!" என்று கூசாமல் சொன்னார். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை? மூச்! ஒரு துண்டை எடுத்துச் சித்திக்கு ஊட்ட வந்தார். சித்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பாதிதான் உங்க தாத்தாது அத்தை. மீதிப் பாதி எங்க வீட்டுலேர்ந்து வந்தது. நீங்க நடத்தின பாடம்தானே?" என்றாள். அன்று சாயங்காலமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோட்டூர்புரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். ஞாயிறு பூசை முடிந்ததும் டீச்சரம்மா கோயில் வாசலில் அவளைப் பிடித்து நிறுத்தி, முகவாயைத் தூக்கிப் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் காட்டுகிறார். "எங்க பரம்பரைக் கண்ணு, பாருங்க." சித்தப்பா பக்கத்தில் நின்று பல்லைக் காட்டுகிறார். இவர்களோடு ஒரே வரிசையில் நின்று நன்மை அப்பம் வாங்குகிறோமே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

போன வாரம் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த ஓர் அம்மா சித்தியை மடக்கினார். "அதான் டெஸ்ட்ல கரெக்டா வந்துடுச்சே. இன்னும் இன்னாத்துக்கு வீம்பு? புருஷன் வூட்டுக்குப் போய்ச் சேரு."

சித்தி மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு இவளுக்கு அப்பான்னு டெஸ்ட் சொல்லிடுச்சுக்கா. எனக்குப் புருஷன்னு சொல்லலையே."