கெல்லரில் பூட்டிய ஃபோன்

போன ஞாயிற்றுக்கிழமை, நான் செத்துப்போயிருக்கலாம் என்ற சந்தேகத்தில் என் சித்தி மகன் கார்த்தி டார்ம்ஸ்டாட்டிலிருந்து ரயிலேறி எர்லாங்கனுக்கு வந்துவிட்டான்.

கதவைத் திறந்த என் கையில் சப்பாத்தி மாவு. அவன் முகம் வெளிறிக் கிடந்தது.

"அக்கா... நல்லாத்தான இருக்க?"

நன்றாகவே இருக்கிறேன். என்ன நடந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

இங்கே ஜெர்மனியில் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு சைக்கிள் தேர்வு உண்டு. போலீஸ்காரரே வந்து நின்று, திரும்பிப் பார்த்தாயா, கை காட்டினாயா என்று கவனிப்பார். என் மகள் இனியா அதற்காக ஒரு மாதம் பழகினாள். நானும் லீவு போட்டுவிட்டுப் போய் முன்னால் நின்றேன்.

முடிந்ததும் ஓடிவந்தாள். "அம்மா, கடைசி லெஃப்ட் டர்ன் பாத்தியா? போலீஸ் அங்கிள் தம்ஸ் அப் காட்டினாரே!"

அந்த நேரத்தில் நான் முதல் பாதி வீடியோவைக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டு, வந்த ஹார்ட்டுகளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். "பரவால்லம்மா" என்றாள்.

அந்தப் பரவால்லம்மா இருக்கிறதே... திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அதற்கப்புறம் எதற்குமே "வந்து பாரும்மா" என்று அவள் கூப்பிடவில்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது.

அந்த வாரம்தான் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவு மக்களைப் பற்றித் தெரிந்துகொண்டேன். எப்படி? ஃபோனில்தான்! மூன்று மணி நேரம் வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். குதிரை வண்டி, வீட்டில் தைத்த உடுப்பு, ராத்திரிக்கு எண்ணெய் விளக்கு. இருப்பது அமெரிக்காவில், மூதாதையர் இந்தப் பக்கத்து ஆட்கள். இன்றும் வீட்டில் ஒருவகை ஜெர்மன்தான் பேசுகிறார்கள். பல இடங்களில் அவர்கள் ஃபோனை வீட்டுக்குள் விடுவதில்லையாம். வெளியே ஒரு சின்னக் கொட்டகை, சில குடும்பங்களுக்குச் சேர்த்து ஒரு ஃபோன். பேச வேண்டுமா? எழுந்து நடந்து போ. உள்ளே விட்டால், பக்கத்தில் இருக்கிறவரோடு பேச்சு குறைந்துவிடும் என்ற பயம்தான் காரணம்.

மூன்றாம் மாடி வாடகை வீட்டில் குதிரையை எங்கே கட்டுவது? வாஷிங் மெஷினை விடவும் எனக்கு மனசில்லை. ஆனால் ஒரு கொட்டகை எங்களுக்கும் உண்டே — கெல்லர்! கட்டடத்துக்கு அடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் தந்திருக்கும், மரச்சட்டக் கதவு போட்ட சாமான் அறை. வெள்ளி மாலை ஆறு மணியிலிருந்து திங்கள் காலை வரை என் ஃபோனும் கணவர் ஃபோனும் அங்கே. சாவி இனியாவிடம்.

"எத்தனை நாளைக்கு?" என்று சிரித்தார் கணவர்.

"பாருங்க" என்றேன்.

சனிக்கிழமை காலையில் மட்டும், குப்பை கொட்டுகிற சாக்கில் மூன்று தடவை கீழே இறங்கினேன். கதவில் காதை வைத்துக் கேட்டேன். மூன்றாம் தடவை சிவா அண்ணையிடம் கையும் களவுமாக மாட்டிக்கொண்டேன். யாழ்ப்பாணத்துக்காரர். கீழ்வீட்டில் இருக்கிறார், கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவரும் அவர்தான்.

"என்ன பிள்ளை, கதவோட கதைக்கிறியள்?"

விஷயத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"இதுக்குள்ள சிக்னலே வராது. எத்தினை தரம் இறங்கினாலும் அது அடிக்காது. பேசாம மேல போங்கோ."

"ஏதாவது அவசரம்னா, அண்ணை?"

"நான் இஞ்சதானே இருக்கிறன். வந்து கதவைத் தட்டுங்கோ."

இதைத்தானே அந்த ஆமிஷ்காரர்களும் சொல்கிறார்கள்! நான்காம் தடவை இறங்கவில்லை.

ஆனால் ஒரு தப்புப் பண்ணிவிட்டேன். விடமாட்டார்கள் என்று பயந்து ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. தினமும் காலையில் குடும்ப குரூப்பில் ரோஜாப்பூ போட்டு குட் மார்னிங் அனுப்புகிறவள் நான். காய்ச்சலில் கிடந்தபோதுகூட அனுப்பியிருக்கிறேன். இரண்டு நாளாக ரோஜா இல்லை. எங்கள் இரண்டு ஃபோனுக்கும் கால் போகவில்லை. திருச்சியில் அம்மா சித்தியைக் கூப்பிட, சித்தி கார்த்தியை விரட்ட... மிச்சம்தான் உங்களுக்குத் தெரியுமே.

கார்த்தி தன் ஃபோனில் என் அம்மாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான்.

"ரோஜாப்பூ வரலன்னா நாங்க என்னன்னுடி நெனைக்கறது?" அம்மா அழுதேவிட்டார்.

"சொல்லாம விட்டது என் தப்பும்மா. மன்னிச்சுக்கோ. ஆனா ஃபோன் மேல வராது. இனிமே வெள்ளிக்கிழமையே சனி, ஞாயிறுக்கும் சேத்து ரோஜா அனுப்பிடறேன். அவசரம்னா கீழ்வீட்டு அண்ணை நம்பர் தரேன்."

"கல்நெஞ்சுக்காரிடி நீ!"

இருந்துவிட்டுப் போகிறேன். ஆமிஷ்காரர்கள் மாதிரி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வயலுக்குப் போக என்னால் முடியாது. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பிடித்திருக்கிறேன். அதை விடுவதாக இல்லை.

கார்த்தி ஃபோனைப் பையில் போடப் போனான். எதிரே இனியா, ஒரு கையில் கெல்லர் சாவி, மறு கையை நீட்டிக்கொண்டு.

"மாமா, ஃபோன்."

"அடியே, உங்க ஃபோனுக்கு என்ன ஆச்சுன்னு பாக்கத்தான் நான் வந்ததே!"

நீட்டிய கை இறங்கவில்லை. கொடுத்துவிட்டான்.

கெல்லருக்குப் போக வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டவள், தயங்கி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, நீயும் வரியா? அந்த லெஃப்ட் டர்ன் காட்டறேன்."

மாவுக் கையோடு இறங்கினேன். ஞாயிறு, கடைகள் மூடி, தெருவில் ஈ காக்கை இல்லை. ஃபோனைப் பூட்டிவிட்டு வந்து இனியா சைக்கிளில் ஏறினாள். திரும்பிப் பார்த்தாள். கை காட்டினாள். திரும்பினாள். கடைசியில், தேவையே இல்லாமல், பெல்லை ஒருதரம் அடித்தாள்.

"பாத்தியா?"

"பாத்தேன்டி. பெல் அடிச்சதையும் சேத்து."

வீடியோ கேட்காதீர்கள். கிடையாது!