இரைச்சல் நீக்கும் பொத்தான்

நான் உதவியாளராக வேலை செய்யும் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் கொக்கி அடித்து, காதடைப்பான்களை மாட்டி வைத்திருக்கிறார்கள். எண்ணூர் ஃபவுண்டரியில் எங்கப்பாவுக்குக் கொடுத்தார்களே, இரண்டு காதையும் கிண்ணம் கவிழ்த்த மாதிரி மூடுகிற சாமான், அதேதான். ஃபின்லாந்துக்கு வந்த புதிதில், இங்கே ஏதோ இரும்படிக்கிற வகுப்பு நடக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன். அப்படி ஒன்றும் இல்லை. பக்கத்துப் பிள்ளை பேசுவது தொந்தரவாக இருந்தால், ஒரு பிள்ளை எழுந்துபோய் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு கணக்குப் போடும். அதுவும் எல்லோரும் வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நடக்கிற பள்ளிக்கூடம் இது. இதில் சத்தம் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள், நானும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நானும் தேவகியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த பள்ளிக்கூடம் பேசின் பிரிட்ஜ் யார்டை ஒட்டி இருந்தது. சரக்கு ரயில் வந்தால் டீச்சர் சாக்பீஸ் பிடித்த கையை அப்படியே மேலே தூக்கிவிடுவார். வகுப்பே வாயை மூடும். கடைசிப் பெட்டி போனதும் கை இறங்கும், விட்ட சொல்லிலிருந்து எல்லோரும் ஒரே குரலில் கத்துவோம். ‘மைனஸ் இன்டு மைனஸ்’ என்பதை ரயிலுக்கு முன்னாலும் ‘பிளஸ்’ என்பதை ரயிலுக்குப் பின்னாலும் சொன்ன நாட்கள் உண்டு. தேவகி ஒருநாளும் சொல் தவறியதில்லை. ஆனால் அவளை எட்டாவதோடு நிறுத்திவிட்டார்கள். அம்மா படுத்த படுக்கை, தம்பிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நான் மேலே படித்து, கல்யாணமாகி, இந்த ஔலு நகரத்துக்கு வந்து சேர்ந்தேன். அவள் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டில் இருக்கிறாள்.

எங்களைத் தொண்டை கிழியக் கத்தவைத்த அதே பாடத்தை இங்கே பைவி என்ற டீச்சர் நடத்தியபோது நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பிள்ளைகளிடம் டேப்லெட்டைக் கொடுத்தார். ஒருவர் பின்பக்கமாக நடக்க வேண்டும், இன்னொருவர் வீடியோ எடுக்க வேண்டும். எடுத்ததைத் தலைகீழாக, கடைசியிலிருந்து ஓடவிடச் சொன்னார். பின்பக்கமாகப் போன பிள்ளை திரையில் முன்பக்கமாக வந்தது. பின்னால் நடந்தது ஒரு மைனஸ், படத்தைப் பின்னால் ஓட்டியது இன்னொரு மைனஸ், முன்னால் வந்தது பிளஸ். அவ்வளவுதான் பாடம், மனப்பாடம் கிடையாது. எனக்குப் புல்லரித்துவிட்டது. எங்களுக்கும் யாராவது இப்படி ஒரு தரம் நடந்து காட்டியிருக்கக் கூடாதா என்று ஆற்றாமையாகவும் இருந்தது.

தேவகியின் மகள் யாழினிக்கு, பத்தாவது படிக்கிறாள், நான் வாரத்தில் சில நாள் வீடியோவில் கணக்கு சொல்லித் தருகிறேன். அங்கே சாயங்காலம் விளக்கு வைத்திருப்பார்கள், இங்கே மதியச் சாப்பாடு செரித்திருக்காது, ஆனால் குளிர்காலத்தில் அதற்குள் இருட்டிவிடும். பிள்ளைகள் போன வகுப்பறையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்காருவேன். நான் இங்கே திரையில் விரலால் கோடு இழுக்க, அங்கே அரிசி டப்பாவில் சாய்த்துவைத்த போனில் அந்தக் கோடு வளர்கிறது. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள எனக்கு இன்னும் வரவில்லை. குக்கர் விசில், பக்கத்து வீட்டு டிவி, ஜன்னலுக்கு வெளியே ரயில், இத்தனைக்கும் நடுவே சமையல்கட்டிலிருந்து தேவகியின் குரல் வரும். “இன்னொரு தபா சொல்லுடி. அவளுக்குப் புரிஞ்சிருக்கும், எனக்குப் புரியல.” கேட்டுக் கேட்டு அவளுக்கே ஆசை வந்து, தனித்தேர்வராகப் பத்தாவது எழுதுவதென்று முடிவு செய்திருந்தாள். திருவொற்றியூரில் அவள் வேலை பார்க்கும் பேக்கிங் கம்பெனியில் பத்தாவது பாஸ் செய்தால்தான் சூப்பர்வைசர் ஆக முடியும். “எனக்குப் பின்னாடி வந்தவங்கோ எல்லாம் என்னை வேலை வாங்கறாங்கோ. எனக்கு அந்த ஒரு பாஸ்தான் கம்மியா கீது” என்பாள்.

ஒருநாள் என் ஹெட்செட்டிலிருந்து கசிந்த சத்தத்தைக் கேட்டு, “அங்கே ஏதாவது விபத்தா?” என்றார் பைவி. “இல்லை, அது வீடு” என்றேன். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார் போல. பாவம், அந்தப் பிள்ளை எப்படிப் படிக்கும் என்று உருகிப்போய், என் கணினியில் ஒரு மென்பொருளை ஏற்றிக் கொடுத்தார். ஒரே ஒரு பொத்தான். அமுக்கினேன். குக்கர் போயிற்று, டிவி போயிற்று, ரயிலே போயிற்று. போனுக்குப் பக்கத்தில் பேசும் யாழினியின் குரல் மட்டும் கழுவி எடுத்த மாதிரி கேட்டது. எது பாடம், எது இரைச்சல் என்று பிரிக்க ஒரு மெஷினுக்குத் தெரிகிறதே என்று அன்று முழுக்க வியந்துகொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் யாழினி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தாள்.

“அம்மா பரீட்சை எழுதலையாம் ஆண்ட்டி. அப்ளிகேஷனுக்கு நாளைக்குதான் கடைசி நாளு.”

“ஏன்டி, என்ன ஆச்சு?”

“நீங்க பதிலே சொல்றதில்லையாம். போன வாரம் முழுக்க ஒரே டவுட்டக் கேட்டுகினே இருந்துச்சு. நீங்க பாட்டுக்கு அடுத்த கணக்குக்குப் போயிட்டீங்க. ‘அவ வெளிநாட்டுக்காரி ஆயிட்டா, உனக்குச் சொல்லிக் குடுக்கறதே பெருசு, நடுவுல நான் எதுக்கு’ன்னு சொல்லிடுச்சு.”

ஒரு வாரமாக அவள் குரலே வராதது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மெஷின் தேவகியையும் இரைச்சலில் சேர்த்துவிட்டிருக்கிறது.

பொத்தானை அணைத்தேன். விட்ட இடத்திலிருந்து வியாசர்பாடி முழுவதும் என் காதுக்குள் வந்து விழுந்தது. தேவகி மட்டும் பேசவில்லை, பாத்திரம் தேய்க்கிற சத்தம்தான் வந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். தேய்ப்பது இன்னும் பலமாயிற்று. எழுந்து நின்று, ரயிலோரம் படித்த குரலை வெளியே எடுத்தேன்.

“ஏ தேவகி, இன்னாடி ரொம்ப ரோசம் பண்ற? நான் வேணும்னு பண்ணலடி. இங்க ஒரு மெஷின் உன் குரல முழுங்கிடுச்சு. வந்து கேளு.”

பாத்திரச் சத்தம் நின்றது. “எம் பேச்சையா முழுங்கிச்சு?”

“உன் பேச்சு, குக்கரு, ரயிலு, எல்லாத்தையும்.”

“ரயிலையே முழுங்கிச்சா” என்றபடி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு திரைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது. “சரி சொல்லு. மைனஸும் மைனஸும் பெருக்கினா எப்படிடி பிளஸ் ஆவும்? அம்மாம் நாளு கத்தனோமே, ஏன்னு எவனாவது சொன்னானா?”

நான் அவளைக் காரிடாருக்குப் போய்ப் பின்பக்கமாக நடக்கச் சொன்னேன். “இன்னாடி விளையாடறியா” என்று முறைத்தாள், ஆனால் நடந்தாள். அக்கம்பக்கம் சிரித்துக்கொண்டே வழிவிட, யாழினி பக்கத்து வீட்டுப் போனில் படம் பிடித்தாள். பிறகு அதைத் தலைகீழாக ஓட்டிக் காட்டினாள். தேவகி உற்றுப் பார்த்தாள். மறுபடி ஓட்டச் சொல்லிப் பார்த்தாள்.

“பின்னாடிதானே போனேன்” என்றாள். திரையில் விரலை வைத்து, “முன்னாடி வரேன்டி” என்றாள். அவள் குரல் இறங்கியிருந்தது. மகளைப் பார்த்து, “காலையில போய் அப்ளிகேஷனப் போட்டுட்டு வந்துடலாம்” என்றாள். உடனே பழைய ராகத்திலேயே ஆரம்பித்துவிட்டாள், நானும் சேர்ந்து கத்தினேன். “மைனஸ் இன்டு மைனஸ்...”

சரக்கு ரயில் வந்தது. என் கை தானாக மேலே போயிற்று. திரையில் அவள் கையும் மேலே இருந்தது.

நான் போட்ட கூச்சலுக்கு ஓடிவந்த பைவி அப்போதுதான் கதவைத் திறந்தார். வகுப்பறையில் ஒரு சத்தமும் இல்லை. சுவரில் காதடைப்பான்கள் வரிசையாகத் தொங்கின. தூக்கிய கையோடு நிற்கும் என்னிடம், “எதற்காகக் காத்திருக்கிறாய்?” என்று கேட்டார்.

“ரயில் போகட்டும்” என்றேன்.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே பனி பெய்துகொண்டிருந்தது. தேவகியும் நானும் கையை இறக்காமல் கடைசிப் பெட்டிக்காகக் காத்திருந்தோம்.