சாலிம், உப்பு, தூத்துக்குடி

போன வாரம் எங்கள் ஊரில் ஒரு கூட்டம். ஓய்வு பெற்ற தூதர் ஒருவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். இந்தியா வளர்ந்துவிட்டதாம். இனி பாகிஸ்தான், இலங்கை என்று பக்கத்து வீடுகளையே பார்த்துக்கொண்டிருக்க முடியாதாம். கடல் தாண்டியும் நண்பர்களைத் தேட வேண்டுமாம்.

“கேள்வி இருந்தால் கேட்கலாம்” என்றார்கள். எழுந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். என்னிடம் இருந்தது கேள்வி இல்லை — சாலிம்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால், உப்பு சம்பந்தப்பட்ட ஓர் அரசு அலுவலகத்தில் நான் உதவியாளர். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு நாடு. பெயர் வேண்டாம். நீளமான கடற்கரை, நல்ல வெயில்... ஆனால் உப்பை வெளியிலிருந்து வாங்கித் தின்றுகொண்டிருந்தது. நட்பு நாட்டுக்கு உதவி என்று தில்லி அங்கிருந்து ஓர் ஆளை வரவழைத்து, உப்பு விளைவிக்கக் கற்றுக்கொடுக்கும்படி எங்களிடம் அனுப்பியது.

அவர்தான் சாலிம். முப்பது வயது. ஆறடி. என்னைவிட நன்றாக ஆங்கிலம் பேசுவார். அதனால் அவருக்கு மொழிபெயர்ப்பாளராக என்னை நியமித்தார்கள்.

ரோஸம்மா அக்கா வீட்டு மாடியில் அவருக்கு அறை. கீழே அக்காவின் மெஸ். அக்காவின் கணவர் மரியதாஸ் துறைமுகத்தில் மூட்டை இறக்குபவர். சாலிம் விடிந்ததும் சைக்கிளில் உப்பளம் போவார். ஆட்களோடு பாத்தியில் இறங்கி உப்பு வாருவார். மூன்று மாதத்தில் எங்கள் அலுவலக சூப்பிரண்டைவிட அவருக்கு உப்பு தெரிந்தது.

ஊரில் அவர் மனைவி கர்ப்பம். தலைப்பிரசவம். பிள்ளை பிறந்ததும் தந்தி வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

தந்தி வரவில்லை. ரேடியோ செய்திதான் வந்தது. அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டது. அதிபரைக் காணவில்லை. தபால், தந்தி, விமானம் எல்லாம் நிறுத்தம். தில்லியில் அவர்கள் தூதரகத்துக்கு ட்ரங்க் கால் போட்டோம். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

சூப்பிரண்டு என்னைக் கூப்பிட்டார்.

“அனுப்புன சர்க்கார் இப்ப இல்ல. இருக்கிற சர்க்கார நாம இன்னும் அங்கீகரிக்கல. அப்ப இவரு யாருவே?”

“சாலிம், சார்.”

முறைத்தார். தில்லிக்கு எழுதினார். பதில் வரும்வரை சாலிமை உப்பளத்துக்குள் விடக்கூடாது என்றார்.

இதைச் சாலிமிடம் நான்தான் சொல்ல வேண்டும். சொன்னேன். “நாளைக்கு வடக்குப் பாத்தியில் வாருகிறேன் என்று சொல்லியிருந்தேனே” என்றார்.

அக்காவிடமும் சொல்ல வேண்டியிருந்தது. சாலிமுக்கு அங்கே சாப்பாடு எங்கள் அலுவலகம் எழுதிக்கொடுத்த ஏற்பாடு அல்லவா?

“அக்கா, அவரு நாட்டுல கவர்மெண்டு போயிருச்சு.”

“போனாப் போவுது. அவரு பொண்டாட்டிக்கு இது எத்தனாவது மாசம் தம்பி?”

“ஒம்பது முடிஞ்சிருக்கும்.”

“அத விசாரிச்சியளா மொதல்ல? போங்க, கொழம்பு ஆறுது. அவரக் கூட்டிட்டு வாங்க.”

எங்கள் ஃபைலில் சாலிமின் உயரம், ரத்த வகை, போட்டுக்கொண்ட தடுப்பூசி எல்லாம் இருந்தன. அக்கா கேட்டது இல்லை.

எட்டு வாரம் போயிற்று. சாலிம் சவரம் செய்வதை விட்டார். மாடியில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். தினமும் சாயங்காலம் போவேன். மொழிபெயர்க்க எதுவும் இருக்காது. ஒருநாள் சத்தமில்லாமல் அழுதார். என்ன செய்வது? பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தெரிந்த உதவி அவ்வளவுதான்.

ஒருநாள் மத்தியானம், மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். வேர்வை வழிய மரியதாஸ் உள்ளே வந்தார். கையில் கசங்கிய ஒரு கவர். அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

“ஏளா, இது நம்ம சாலிமுக்குத்தானான்னு கேளு. ஆப்பிரிக்காக் கப்பல் ஒண்ணு கொட்டைமுந்திரி கொண்டாந்திருக்கு. அதுல உள்ள சமையல்காரன் ரெண்டு நாளா வாரவன் போறவன் எல்லார்ட்டயும் இத நீட்டிக்கிட்டு நிக்கான்.”

வாங்கிப் பார்த்தேன். ‘சாலிம், உப்பு, தூத்துக்குடி’ என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எங்கள் ஊரில் உப்பு என்று விலாசம் எழுதினால் பாதி ஊர் வந்து நிற்கும். சாலிம்தான் ஒருவர்.

அவருடைய மாமனார் அந்த ஊர்த் துறைமுகத்தில் குமாஸ்தா. எந்தக் கப்பல் எங்கே போகிறது என்று தெரிந்தவர். தபால் இல்லாவிட்டால் என்ன... முந்திரி இருக்கிறதே?

சாலிம் இரண்டு தடவை படித்தார். அக்கா கரண்டியோடு நின்றாள்.

“பொண்ணு” என்றார், தமிழில். “ரெண்டு பேரும் சுகம்.”

அக்கா சிலுவை போட்டுக்கொண்டாள். மரியதாஸ் தானே ஒரு தட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு சாலிம் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கடிதத்தின் மீதியை மாடியில் வைத்து எனக்கு மட்டும் சொன்னார். பழைய அரசு வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள் திரும்பி வந்தால், விமான நிலையத்திலேயே பிடித்துக்கொண்டு போகிறார்கள். போனவர்கள் வீடு வந்து சேரவில்லை. இப்போது வராதே.

அந்த வாரமே தில்லியின் பதிலும் வந்தது. புதிய அரசை அங்கீகரித்தாகிவிட்டது. பயிற்சி முடிந்தவுடன் சாலிமைத் திருப்பி அனுப்பி, அந்த அரசுக்கும் தகவல் கொடுக்கவும்.

சூப்பிரண்டிடம் போய்க் கடிதத்தைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அவர் விதியை ஒரு வரி தாண்டாத மனிதர். எல்லாவற்றையும் கேட்டார்.

“அந்த லெட்டர நான் பாக்கல. நீரும் ஒண்ணும் சொல்லல.”

தில்லி உத்தரவை மறுபடி எடுத்துப் படித்தார். ‘பயிற்சி முடிந்தவுடன்’ என்ற இடத்தில் பேனா நின்றது.

“பயிற்சி முடிஞ்சிட்டாவே?”

“எட்டு வாரம் நாமதான் சார் அவர உள்ள விடல.”

ஜன்னல் வழியாகப் பார்த்தார். மேகம் திரண்டிருந்தது.

“மழ விழுந்தா உப்பு வார முடியுமா?”

“தை பொறக்கணும் சார்.”

“அப்ப அத எழுதும்.”

எழுதினேன். பருவநிலை காரணமாகப் பயிற்சி தடைப்பட்டிருக்கிறது, அடுத்த உப்புப் பருவம் முழுவதும் பயிற்சியாளர் இங்கே இருப்பது அவசியம் என்று. நான் எழுதியதில் ஒரு கமாவைக்கூடத் திருத்தாமல் அவர் கையெழுத்துப் போட்ட ஒரே குறிப்பு அதுதான். தில்லி மறுபேச்சுப் பேசவில்லை. உப்பு விஷயத்தில் நாங்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாளே சாலிம் பாத்தியில் இறங்கினார். மழை வந்தபோது பாத்திக் கரைகளைக் காத்தார். தை பிறந்ததும் மறுபடி ஆரம்பத்திலிருந்து கற்றார். கோடையில் இன்னொரு முந்திரிக் கப்பல், இன்னொரு கடிதம். அங்கே மறுபடி ஆட்சி மாறிவிட்டது. சிறையில் இருந்தவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நீயும் வா.

ரயிலடியில் அக்கா ஒரு சின்ன கவுன் கொடுத்தாள். “ரெண்டு வயசுக்குத் தச்சிருக்கேன். பிள்ள வளந்திருக்கும்லா?” சாலிம் அதைப் பெட்டிக்குள் வைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார்.

சில மாதம் கழித்து எனக்குக் கடிதம் வந்தது. மகள் இரண்டு நாள் அவரைப் பார்த்தாலே அழுதாளாம். மூன்றாம் நாள் தானாக வந்து மடியில் ஏறிக்கொண்டாளாம். தூத்துக்குடியில் அவர் இரண்டு பருவம் பெற்ற உப்புப் பயிற்சியைப் பாராட்டி, புதிய அரசு உயர்ந்த பதவியும் கொடுத்திருக்கிறதாம்.

ரயில்வேயில்.