தோணி சுரண்டிய கையும் ஒரு மோட்டாரும்

எழுபதுகளில் நான் தூத்துக்குடியில் தோணி சுரண்டிக்கொண்டிருந்தேன். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தோணிகளைக் கரையில் இழுத்துப் போட்டால், அடிப்பலகையில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் இரும்புத் தகட்டால் சுரண்டவேண்டும். நகக்கண் அளவு மிச்சம் வைத்தாலும் தோணியை ஓட்டும் தண்டல் விடமாட்டார். அவர் வாயைப் பற்றியே ஒரு நாள் பேசலாம், இருக்கட்டும். தோணி கடலுக்குப் போய்விட்டால் எங்களுக்கு வேலை கிடையாது. அந்த வருஷம் வீட்டுக்காரி வேறு மாசமாக இருந்தாள்.

மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடை ஒன்றில் போய் வேலை கேட்டேன். கடை அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏலே, வீட்டுல ஒரு சின்ன மோட்டார் செஞ்சு சுத்தவிட்டுக் கொண்டா. அப்புறம் பேசுவோம்.”

துண்டுக் கம்பி கொடுத்தார். வளையமாகச் சுற்று, இரண்டு முனையிலும் கம்பிமேல் பூசியிருக்கும் அரக்குப் பூச்சைச் சுரண்டு, கீழே காந்தம் வை என்றார். மிச்சத்தை நீயே பார்த்துக்கொள் என்றுவிட்டார்.

உடைந்த ரேடியோவிலிருந்து காந்தம் கிடைத்தது. கம்பி வளையத்தைத் தாங்க இரண்டு ஊக்கு வேண்டும். வீட்டுக்காரி தாலிச் செயினில் கோத்திருந்ததைக் கழற்றித் தந்தாள். டார்ச் பேட்டரிக் கட்டையின் இரு முனையிலும் ஊக்கைக் கட்டி, நடுவில் காந்தத்தை வைத்து, வளையத்தை ஊக்குகளில் மாட்டினேன். முனைகளைத் தோணி சுரண்டுவதுபோல் பளபளவென்று சுரண்டியிருந்தேன். வளையம் இப்படி ஒரு ஆட்டம், அப்படி ஒரு ஆட்டம் ஆடிவிட்டு நின்றது. இன்னும் சுரண்டினேன். கம்பி ஒடிந்தே போனது.

மிச்சக் கம்பியில் புதிதாக ஒன்று சுற்றினேன். ஒரு முனையை நான் சுரண்ட, மறுமுனையையும் பிளேடையும் அவளிடம் கொடுத்தேன். அதன் ஒரு பக்கம் மட்டும் சுரண்டியிருப்பாள், உலை பொங்கியது. எழுந்து ஓடினாள்.

“ஏளா, பாதியில விட்டுட்டுப் போற!”

“உங்க மோட்டாரா சோறு போடும்? சும்மா மாட்டிப் பாருங்க.”

கோபத்தில் அப்படியே மாட்டி, விரலால் தட்டிவிட்டேன். சுற்றியது. நிற்காமல் சுற்றியது. அவள் கரண்டியோடு வந்து பார்த்துவிட்டு, “ஆத்தாடி” என்றாள்.

மறுநாள் கடையில் சுற்றவிட்டேன். அண்ணாச்சி குனிந்து முனையைப் பார்த்தார்.

“ஒரு முனையில பாதி பூச்ச மிச்சம் விட்டாத்தான் சுத்தும், முழுக்கச் சுரண்டுனா ஆடிட்டு நின்னுரும். ஒனக்கு யாருலே சொன்னா?”

“யாரும் சொல்லல அண்ணாச்சி. ஒல பொங்கிட்டுன்னு எம் பெஞ்சாதி பாதியில விட்டுட்டு ஓடிட்டா.”

“அப்போ வேலைக்கு அவளல்லா கூப்பிடணும்!”

கடையே சிரித்தது. அவரும் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, மூலையில் எரிந்து கிடந்த மேசை ஃபேனைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

“உக்காரு. இதப் பிரி.”