சுமாரான சிபாரிசுக் கடிதம்

என் மகளுக்கு ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்க ஆசை. விண்ணப்பத்தோடு ஆசிரியரின் சிபாரிசுக் கடிதமும் வேண்டும். லிங்கராஜபுரத்தில் அவள் படித்த கல்லூரியின் இயற்பியல் மேடத்திடம் கேட்டாள். "நீயே எழுதிட்டு வாம்மா, நான் சைன் போட்டு அனுப்பிடறேன்" என்றார். இது ஊர் வழக்கம்தான். தன்னைத் தானே புகழ்ந்துகொள்வதும் பாடத்திட்டத்தில் சேர்த்தி.

வேலை என்னிடம் வந்தது. பல வருடங்களாக நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதுகிறேன்; வீட்டில் யாரும் படித்ததில்லை. ஒரு வாரம் இழைத்து இழைத்து எழுதினேன். ஆய்வகத்தில் கரண்ட் போனபோது, மேடத்தின் செல்போன் வெளிச்சத்திலேயே அவள் ஊசலின் அலைவுகளை எண்ணி முடித்த சம்பவத்தை நடுவில் வைத்தேன். கற்பனையில்லை, நடந்தது.

மேடம் எனக்கே போன் செய்தார். "என்னமா எழுதிருக்கீங்க சார். படிக்கறப்ப எனக்கே உங்க பொண்ணு மேல மரியாத வந்துடுச்சு."

என் எழுத்தை ஒருவர் பாராட்டி வெகுகாலம் ஆகியிருந்தது. கொஞ்ச நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு காய்கறி வாங்கினேன்.

பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து மகளுக்கு மின்னஞ்சல் வந்தது. ஒரே ஆசிரியர், இரண்டு மாணவிகள், பெயர் தவிர வரிக்கு வரி ஒரே கடிதம், விளக்கம் தேவை.

நானும் அவளும் ஓடினோம். ஸ்டாஃப் ரூமில் மேடம் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"சும்னே டென்ஷன் ஆகாதீங்க சார்" என்றார், பாதிக் கன்னடத்தில். " நல்லா இருந்துச்சேன்னு இன்னொரு பொண்ணுக்கும் அதையே அனுப்பிட்டேன். அவ ராங்க் எடுக்கற பொண்ணு."

"மேடம், கரண்ட் போனப்ப எண்ணினது நான்" என்றாள் மகள்.

"தெரியும்மா. டார்ச் புடிச்சதே நான்தானே. ஆனா அவளுத இப்ப மாத்தினா காலேஜுக்குக் கெட்ட பேரு. உன்னுது தப்பா அட்டாச் ஆயிடுச்சுன்னு சொல்லிடறேன்." என் பக்கம் திரும்பினார். "புதுசா ஒண்ணு எழுதிக் குடுங்க சார். இந்தத் தடவ சுமாரா இருந்தாப் போதும்."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். நேரத்துக்கு வருவாள், சொன்னதைக் கேட்பாள், கையெழுத்து நன்றாக இருக்கும். சுமாராக எழுதுவதில் எனக்கு நீண்ட அனுபவம். டிபன் டப்பாவை அவர் மூடுவதற்குள் முடித்துவிட்டேன். படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

முடிவு வந்த அன்று மகள் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"எனக்கு இல்லப்பா. அவளுக்குக் கிடைச்சிருச்சு. இன்டர்வியூல அந்த கரண்ட் கட் கதையத்தான் ரொம்ப நேரம் கேட்டாங்களாம்."

செல்போனைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நல்லாத்தான் எழுதிருக்கீங்க."